அங்காத்தாள் வீட்டு முறம்

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரேணுகாவின் பெண்குழந்தைக்கு நெஞ்சைத் திறந்து, ஆபரேஷனுக்காக இருதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்த அதே வேளையில், அங்கிருந்து ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கிற மில்லுச்சந்தில், பக்கத்து வீட்டு அங்காத்தாள் மாட்டுக்கு வைப்பதற்காக முறத்தில் அள்ளிய தவிடு, அள்ளிய மேனிக்கே குதிக்க ஆரம்பித்தது. எலி என்று நினைத்தாள். முறத்தைத் தரையில் வைத்துத் தட்டிப் பார்த்தாள், எலி இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், கைக்கு அடியிலும் குதித்தது, ஒரே சீராக, நிற்காமல். செவலை மாடு ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு ரெண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டது. அஞ்சு பிள்ளை பெற்று அஞ்சையும் ஆளாக்கிவிட்டவளுக்கு அது என்னவென்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? "அட கெரகமே, இது புள்ள நெஞ்சல்ல அடிக்குது" என்று சொல்லி, மாட்டுக்கு வேறு கூடையில் தவிடு அள்ளி வைத்துவிட்டு, முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

இதில் வாயைப் பிளப்பதற்கு ஒன்றும் இல்லை. நிறுத்தி வைத்த துடிப்பு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், அந்தரத்திலா நிற்கும்? அது விலாசம் பார்த்துப் போனது. குழந்தையின் காலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டிவிட்ட பட்டையில் அம்மா பெயர் என்ற இடத்தில் அங்காத்தாள் என்று எழுதியிருந்தது, அதனால் அங்காத்தாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. துடிப்பின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பட்டையில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், அதற்கு ரேணுகாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

மில்லுச்சந்து என்பது அரிசி மில்லின் பின்சுவரை ஒட்டிப் போகிற சந்து. அங்கே கொடியில் காயப்போட்ட துணியில் தவிடு, சோற்றுக்குண்டாவின் மூடியில் தவிடு, தூங்கி எழுந்தவன் புருவத்தில் தவிடு. ரேணுகாவின் புருஷன் மயில்சாமி அந்த மில்லில் பாய்லர் பார்க்கிறவன், வாய் அதிகம் பேசாதவன். அவர்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். பால் குடிக்கும்போதெல்லாம் வீரிட்டு அழுவான், காலை மடக்குவான், தலையெல்லாம் வேர்த்துக் கொட்டும். கைக்குழந்தைக்கு வருகிற சீர் தட்டியிருக்கிறது என்றார்கள் சிலர், வயிற்றில் வாயு என்றார்கள் சிலர், ஓமத்தண்ணி கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், ஊர் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் காலையில் பாலுக்கு வாய் வைத்தவன் வாய் வைத்தபடியே போய்விட்டான். என்ன நோவு என்று ஒரு பெயர்கூட வைக்கவில்லை யாரும்.

ரேணுகா அழவில்லை. "அழுதுரு அம்மிணி, உள்ள வச்சுக்காத" என்று சந்துப் பெண்கள் முதுகைத் தடவித் தடவிச் சொன்னார்கள், அவள் சரிங்க என்றாளே தவிர அழவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் கன்னம் இருக்கும், தொட்டால் கைக்குத் தெரியும், ஆனால் கன்னத்துக்குத் தெரியாது இல்லையா, அந்த மாதிரி ஆகிவிட்டாள் முழுசாக. வடிக்கிற கஞ்சி கையில் கொட்டி தோல் பொத்துப்போன பிறகுதான், அதுவும் மயில்சாமி பார்த்துச் சொன்ன பிறகுதான், ஓ என்றாள். சாப்பிட்டாள், தூங்கினாள், ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் வாங்க என்று கேட்டாள். ஒரு குறை சொல்ல முடியாது அவளை.

பிறகு இந்தப் பெண்குழந்தை பிறந்தது. ஒரு பிள்ளை போன வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்தால் அதைத் தவிட்டுக்கு விற்று வாங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளையை முறத்தில் கிடத்தி, எல்லாப் பிள்ளையும் சாகாமல் தக்கியிருக்கிற ஒருத்தி கையில் கொடுத்துவிட வேண்டும், அவள் இது எம் புள்ளை என்று வாங்கிக்கொள்ள வேண்டும், பெற்றவள் ஒரு முறம் தவிடு கொடுத்து எம் புள்ளையைக் குடு என்று திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். தூக்கிப்போக வருகிற எமன் யாருடைய பிள்ளை இது என்று குழம்பிப்போய்த் திரும்பிவிடுவான் என்று கணக்கு. அங்காத்தாள் கைராசிக்காரி, அவள் வீட்டில் கோழிக்குஞ்சுகூடச் சாகாது. எல்லாம் முறையாக நடந்தது. முறத்தில் பிள்ளையைக் கொடுத்தார்கள், அங்காத்தாள் சந்துக்கே கேட்கிற மாதிரி "இது எம்பட புள்ள" என்று கத்தி வாங்கிக்கொண்டாள். ஆனால் தவிட்டைக் கொட்டி வாங்கவேண்டிய நேரத்தில் ரேணுகா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன அம்மிணி, தவுடு எங்க?"

"இருக்கட்டுங்க்கா. அப்பறம் வாங்கிக்கறேன்."

"அப்பறமின்னா எப்போ? பால் குடிக்கற புள்ளைய நானா வச்சுக்க முடியும்?"

"நான் வளத்தறேன். உங்க புள்ளையாவே இருக்கட்டும்."

பேர் வைக்கும்போது வாங்கிக்கொள்வாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் வாங்கவும் இல்லை, பேர் வைக்கவும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவாள், பால் கொடுப்பாள், பக்கத்தில் போட்டுத் தூங்குவாள், எல்லாம் இரவல் வாங்கின பாத்திரத்தைப் பொத்திப் பொத்திப் புழங்குகிற மாதிரி. தன்னுடையது இல்லாத ஒன்று எப்படித் தன்னிடமிருந்து போகும் என்பது அவளுடைய கணக்கு. இதைவிடப் பாவப்பட்ட கணக்கை யாரும் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அந்தக் கணக்கின் மேல் தலையை வைத்துத்தான் அவள் தினமும் தூங்கினாள்.

ரெண்டு மாதம் ஆனபோது இந்தக் குழந்தையும் பாலுக்கு வாய் வைத்ததும் வீரிட ஆரம்பித்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ரேணுகா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மயில்சாமிதான் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேட்டியைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினான், பின்னாலேயே அவளும் ஏறினாள்.

கோயம்புத்தூரில் ஜெசிந்தா என்று ஒரு டாக்டரம்மா, பிள்ளைகளுக்கு இருதய ஆபரேஷன் செய்கிறவர். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு அவர் மயில்சாமியிடம் கேட்டார்: "உங்க வீட்ல ஆத்துத்தண்ணிக் குழாய் ஒண்ணு, உப்புத்தண்ணிக் குழாய் ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்குதுங்க."

"அந்த மாதிரிதான் ஒடம்புலயும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம்னு ரெண்டு. ஒடம்புக்கெல்லாம் நல்ல ரத்தத்தை அனுப்பற இருதயத்துக்கும் சாப்பிட ரத்தம் வேணும். அதுக்குன்னு ரெண்டு சின்னக் குழாய் இருக்கு, நல்ல ரத்தம் போற பெரிய குழாய்லருந்து கிளம்பணும். உங்க பாப்பாவுக்கு அதுல ஒண்ணு மாறிப்போய் நுரையீரலுக்குப் போற கெட்ட ரத்தக் குழாய்ல சேர்ந்திருக்கு. பொறந்த புதுசுல தெரியாது, போகப்போகத்தான் இருதயம் பட்டினி கெடக்கும். பால் குடிக்கறதே பாப்பாவுக்கு மலை ஏறற வேலை. அதான் வலியில அழுகுது."

"ஆருங்க மாத்திச் சேத்துனது?"

"யாரும் இல்லைங்க. வயித்துல உருவாகும்போதே அப்படி அமைஞ்சிருச்சு. நான் அதை வெட்டி எடுத்து, சேர வேண்டிய எடத்துல தெச்சு விடறேன்."

மயில்சாமி, முதல் பையனுக்கும் இதுதானா என்று கேட்டான். அதை இப்போது சொல்ல முடியாது, பொதுவாக இது குடும்பத்தில் வருகிற நோய் இல்லை என்றார் டாக்டரம்மா. ரேணுகா அவர் கழுத்தில் தொங்கிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பட்டை கட்டுகிற நர்ஸ் குழந்தையோட அம்மா பேர் என்ன என்று கேட்டபோது, தவிடு கொடுத்து வாங்காத பிள்ளைக்குத் தன் பேரை எப்படிச் சொல்வது என்று, "அங்காத்தாள்" என்று சொன்னாள். மயில்சாமி திரும்பிப் பார்த்தான், ஆனால் அந்த நேரத்தில் அதைப் போய்ப் பேசுவானா.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ரத்தத்தை மெஷின் வழியாகச் சுற்றவிட்டு, இருதயத்தைக் குளிர வைத்து நிறுத்தி, கூந்தல் மயிரைவிட மெல்லிசான நூலால் அந்தக் குழாயைச் சேரவேண்டிய இடத்தில் தைத்துவிட்டார் ஜெசிந்தா. நல்ல ரத்தம் உள்ளே போனது, வெளிறிக் கிடந்த இடமெல்லாம் சிவந்தது. துடிப்புதான் வரவில்லை. என்னவெல்லாமோ செய்து பார்த்தார்கள். கடைசியில் நெஞ்சை மூடாமல் மேலே ஒரு தாளை ஒட்டி, வேறொரு மெஷினில் குழந்தையைச் சேர்த்து ஐசியூவில் கிடத்தினார்கள். வெளியே செக்யூரிட்டிக்காரர் "அங்காத்தா! அங்காத்தா கூட வந்தவங்க!" என்று கத்தினார். மயில்சாமி முழங்கையால் இடித்த பிறகுதான் ரேணுகா எழுந்தாள்.

டாக்டரம்மா விவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மயில்சாமியின் போன் அடித்தது. அங்காத்தாள். போனில் பேசினாலும் மில் சத்தத்துக்கு மேல் பேசுகிற குரல்தான் அவளுக்கு, காதில் வைக்கத் தேவையில்லை.

"ஏப்பா மயிலு, புள்ளையோட நெஞ்சடிப்பு இங்க எம்பட மொறத்துல வந்து கெடக்குது. டாக்டரம்மாகிட்டச் சொல்லு, தேடிட்டிருப்பாங்க."

ஜெசிந்தா போனை வாங்கினார். "முறத்துக்குப் பக்கத்துல போனை வைங்கம்மா" என்றார். கண்ணை மூடிக் கேட்டார். வயசுக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்றார். "சில பேருக்கு இப்படித்தான், வீட்டுப் பக்கம் போயிடும். பெத்தவங்க கூப்பிட்டா வந்துரும். பத்திரமா வச்சிருங்க, தண்ணி பட விட்டுராதீங்க." அன்றிலிருந்து காலையில் வார்டு சுற்றி வரும்போது அங்காத்தாளுக்குப் போன் போட்டு, முறத்தைக் கேட்டு, குழந்தையின் கட்டிலில் தொங்குகிற அட்டையில் நாடித்துடிப்பு என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டு போவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

சந்து அந்தத் துடிப்பை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், சும்மா சொல்லக் கூடாது, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தியைக்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அடுத்த நாள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். டீக்கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். ஆட்டோக்காரர்கள் சந்து முக்கிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தையல்கடை அப்பாஸ் மெஷினை மிதிக்கிற மிதி தானாகவே முறத்தின் குதிப்போடு சேர்ந்துகொண்டது, அந்த நாட்களில் அவர் தைத்த ஜாக்கெட் ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வரவில்லை. மில்லில் சல்லடை ஆடுகிற ஆட்டமும் அதே தாளத்துக்கு இறங்கியது, அரிசி உடைந்து நொய்யாவது குறைந்துபோய்விட்டது என்று முதலாளி சந்தோஷப்பட்டுச் சந்துக்கே ஆளுக்கு ஒரு படி அரிசி கொடுத்தார். கோயில் கமிட்டிக்காரர்கள் முறத்தை மாரியம்மன் சன்னதியில் வைக்கலாம் என்று சொல்ல, ஆபரேஷன் முடிந்தும் முடியாமல் இருக்கிற பிள்ளைக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று ஒரு பேச்சு கிளம்பி அரை நாள் நடந்தது, கடைசியில் "எம் மொறத்தை ஆராச்சு தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுப் போடுவேன்" என்று அங்காத்தாள் வெளியே வந்து சொன்னதும் முடிந்தது. தூக்கம் வராதவர்கள் அவள் வீட்டுச் சுவரோரமாய் வந்து படுத்தார்கள், படுத்ததும் தூங்கினார்கள். அழுகிற கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து முறத்தின் அருகில் போட்டால் வாய் மூடின. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் நின்றுபோயின, சத்தம் போட்டால் முறத்துக்கு ஆகாது என்று. போகப்போக, இது நெம்ப நல்லா இருக்குதே, இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று ஒருத்தி கேட்டாள், சட்டென்று மற்றவர்கள் அவளை அதட்டவில்லை. மனசு அப்படித்தான், யாரைச் சொல்லி என்ன.

ஐசியூவில் ஒருத்தர்தான் இருக்கலாம் என்றதால் மயில்சாமி இருந்துகொண்டு ரேணுகாவை அனுப்பினான். "போய் அக்காகிட்டப் புள்ளைய வாங்கீரு. தவுட்டக் குடுத்து வாங்கீரு" என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அவன் கண் சிவந்திருந்தது. அவள் சரி என்றாள். பஸ்ஸில் வரும்போது பால் கட்டிக்கொண்டு மார் கல்லாகிக் கிடந்தது, அதுவும் அவளுக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த அம்மாள்தான் சேலை நனைந்திருக்கிறது என்று சொன்னாள்.

முறத்தைப் பார்த்தாள். தவிடு குதித்துக்கொண்டிருந்தது. நன்றாக இருந்தது என்றுதான் அவளுக்குத் தோன்றியது, ஒரு மழையைப் பார்க்கிற மாதிரி.

"வந்துட்டியா சாமி. போய்த் தவுடு கொண்டா. வாங்கிக்க" என்றாள் அங்காத்தாள்.

"இருக்கட்டுங்க்கா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"என்ன பேச்சுப் பேசற? அங்க புள்ள நெஞ்சத் தொறந்து போட்டுக்கிட்டுக் கெடக்குது."

"உங்க கையில எதுவும் சாகாதுங்க்கா. எங்கையிக்கு வந்தாத்தான் சாகும்."

அங்காத்தாள் ஒரு பாட்டம் திட்டினாள், சந்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து நயமாகச் சொல்லிப் பார்த்தார்கள், ரேணுகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், தவிடு மட்டும் கொண்டுவரவில்லை. தன் வீட்டில் போய் விளக்கு போட்டாள், பாத்திரம் விளக்கினாள். சுவர் வழியாகத் துடிப்பு கேட்டது. கேட்டபடியே தூங்கியும் போனாள்.

விடிந்து வெயில் ஏறினபோது ஜெசிந்தாவின் போன் வந்தது. வழக்கமாக முறத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவர் அன்றைக்கு வைக்கவில்லை. இனிமேல் மெஷினில் வைத்திருக்க முடியாது, ரத்தம் கட்டுகிறது, மூளைக்குள் கசிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, நாளைக்குக் காலையில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். "அதுக்குள்ள துடிப்பு வந்து சேரணும்மா. பட்டையில உங்க பேர்தான் இருக்கு. நீங்க கூப்பிட்டுப் பாருங்க."

அங்காத்தாள் முறத்தின் முன்னால் மண்டிபோட்டாள். "போ கண்ணு. உம்பட நெஞ்சுக்குப் போயிரு சாமி. எங்கண்ணில்ல, போ" என்று கெஞ்சினாள், மிரட்டினாள், முறத்தைக் கோயம்புத்தூர் இருக்கிற திசை பார்த்துத் திருப்பி வைத்தாள். அது போகவில்லை. பாதி வியாபாரத்தில் நிற்கிற பொருள் வாங்கினவள் சொல்லியும் போகாது போலிருக்கிறது.

அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. ரேணுகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அங்காத்தாளின் கை நடுங்கியது. மாட்டுக் கொம்பைப் பிடித்து வளைக்கிற கை, மில் சூப்பர்வைசரைக் கன்னத்தில் அறைந்த கை. வாய் கோணியது, அத்தனை பெரிய தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கையை முறத்தின் மேல் வைத்தாள், எடுத்தாள், எடுத்தால் நின்றுவிடுமோ என்று மறுபடியும் வைத்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணி குடிக்கவில்லை என்று மருமகள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அஞ்சு பிள்ளையில் ஒன்றுக்குக்கூட அங்காத்தாள் இப்படிப் பயந்ததில்லை, பயப்படுவதற்கு அவளுக்கு நேரமும் வந்ததில்லை.

ரேணுகா அந்தப் பயத்தையே பார்த்தாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பையன் கடைசி நாட்களில் பால் குடிக்கும்போது அவன் நெற்றியை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாளே, அது. தனக்கு என்று இருந்த ஒரே சாமானைத் தெரிந்தவள் வீட்டில் பார்க்கிற மாதிரி, அந்தப் பயம் இன்னொருத்தி மேல் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முதலில் வந்தது பொறாமை. ஆமாம், பொறாமைதான், வேறு நல்ல பேர் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சேரவேண்டிய பயத்தை இவள் எப்படிப் பயப்படலாம்? நான் பெற்ற பிள்ளைக்கு இவள் யார் நடுங்குவதற்கு? செருப்புக்கூடப் போடாமல் மில்லுக்கு நடந்தாள்.

ஊரே தவிட்டில் மிதக்கிறது, தவிட்டுக்கா பஞ்சம்? வாசலிலேயே கூட்டி அள்ளியிருக்கலாம். ஆனால் அவள் நேராக அரிசியைத் தீட்டுகிற பாலிஷ் மெஷினுக்குப் போய், அப்போதுதான் விழுந்துகொண்டிருந்த தவிட்டுக்கு நேராக முந்தானையை விரித்துப் பிடித்தாள். மெஷின்காரர் ஏதோ கத்தினார், அவளுக்குக் கேட்கவில்லை. மடி நிறைந்ததும் ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சந்துக்குத் திரும்பினாள். சந்து முழுக்க வெளியே வந்து நின்றது.

"தவுடு கொண்டாந்துட்டனுங்க்கா" என்றாள்.

அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான். முறம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும்.

அங்காத்தாள் முறத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொடுக்க வேண்டும் என்று அத்தனை சத்தம் போட்டவள், வாங்க ஆள் வந்து நிற்கும்போது கை வராமல் நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வழக்கப்படி விற்கிறவள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"நல்ல தவுடுதானா?"

"இப்பத்தான் பாலிஷ்ல விழுந்ததுங்க்கா. சுடுதுங்க, பாருங்க."

அங்காத்தாள் தவிட்டைப் பார்க்கவில்லை. ரேணுகாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சுடுதா? உனக்குச் சுடுதா அம்மிணி?"

"சுடுதுங்க்கா" என்றாள் ரேணுகா. மடியைப் பார்த்தாள். வயிறெல்லாம் எரிந்தது, மார் ரெண்டும் கட்டி விண் விண் என்று தெறித்தது, வெறுங்காலில் நடந்து வந்ததில் உள்ளங்கால் பொரிந்துபோயிருந்தது. "அய்யோ, சுடுதுங்க்கா. நெம்பச் சுடுது. எம்பட புள்ளையக் குடுத்துருங்க. அது எம்பட புள்ளைங்க்கா, குடுத்துருங்க."

அங்காத்தாள் முறத்தை நீட்டினாள். ரேணுகா அதிலேயே தன் மடித் தவிட்டைக் கொட்டினாள், பழைய தவிடும் புதுத் தவிடும் கலந்தது, கலந்த நொடியில் குதிப்பது நின்றது.

மில்லின் சல்லடை தாளம் தப்பிக் கடகடவென்று பழைய மாதிரி ஓடத் தொடங்கியது. எங்கேயோ ஒரு கைக்குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. முறத்தில் இருந்தது வெறும் தவிடு, மாட்டுக்கு வைக்கிற தவிடு. போய்ச் சேர்ந்ததா, இல்லை போயே போய்விட்டதா, யாருக்குத் தெரியும்? ரேணுகா கையை வைத்துத் துழாவினாள். அப்போது வந்தது பயம். இத்தனை நாள் வராத பயமெல்லாம் ஒட்டுக்கா வந்தது. முதல் பிள்ளைக்கு அழாத அழுகையும் அதன் பின்னாலேயே வந்தது. சந்தே கிடுகிடுக்கிற மாதிரி அழுதாள். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், அழாதே என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

போன் அடித்தது. அங்காத்தாளுக்கு எடுக்கத் தைரியம் இல்லை, வாங்குடி என்று ரேணுகாவின் கையில் திணித்தாள். அந்தப் பக்கம் மயில்சாமி. வாய் பேசாதவன், அவனும் அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை.

"அடிக்குது ரேணு. வந்துருச்சு, அடிக்குது. தாளுக்கு அடியில குதிக்கறது வெளியவே தெரியுது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டுனாங்க."

"நிக்காம அடிக்குதா?"

"நிக்காம அடிக்குது."

"பாத்துட்டே இருங்க. கண்ண எடுக்காதீங்க. நான் வந்தர்றேன்" என்றாள் அவள். அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள், இந்தத் தடவை அங்காத்தாள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மெஷினை எடுத்த பிறகும் துடிப்பு நிற்கவில்லை, நெஞ்சை மூடித் தைத்தார்கள். பட்டை மாற்ற வந்த நர்ஸ், ஏன் பேரை மாற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அன்னைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், குழந்தையோட அம்மா பேர் ரேணுகா என்று எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

மில்லுச்சந்தில் மறுபடியும் பாட்டுச் சத்தம் வந்தது, சண்டைகள் வந்தன, நொய் வந்தது, தூக்கம் வராதவர்கள் தங்கள் வீட்டிலேயே புரண்டு படுத்தார்கள். கொஞ்ச நாள் எல்லாரும் எதையோ தொலைத்த மாதிரி அலைந்தார்கள், பிறகு அதுவும் பழகிப்போனது. செவலை மாடு மட்டும் அந்த முறத்தில் வைத்தால் இன்றைக்கும் தவிடு தின்பதில்லை.

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் ரேணுகா வீட்டிலிருந்து அலறல் கேட்டது. "அக்கா! அக்கோவ்! ஓடியாங்க! புள்ளைக்கு வேர்க்குதுங்க்கா!" அங்காத்தாள் சாணிக்கையோடு ஓடினாள். குழந்தை மார்பில் தழும்போடு, ஒரு காலை ஆட்டிக்கொண்டு, கண் சொக்கிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை இருந்தது உண்மைதான்.

"அட கூறுகெட்டவளே, இந்த வெயில்ல எனக்குந்தான் வேர்க்குது, எம்பட மாட்டுக்குந்தான் வேர்க்குது. விசிறி எடுத்து வீசு" என்றாள் அங்காத்தாள். "இப்படித் தெனமும் பயந்துட்டிருந்தீன்னா எப்படிடி? கொஞ்சம் எங்கிட்டக் குடு, நான் வச்சுக்கறேன்."

"தர மாட்டேன் போங்க்கா" என்றாள் ரேணுகா. முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டே, குனிந்து அதன் நெஞ்சில் காதை வைத்தாள்.